புதிதாகச் சேர்ந்த மாணவருக்குத் துணை நிற்கும் சீனியர்: முழுமையான வழிகாட்டி

வகுப்புகள் தொடங்கி இரண்டாவது வாரம். தேர்வுப் பிரிவின் வாசலில் ஒரு முதலாண்டு மாணவி கையில் படிவத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நான் நூலகத்துக்குப் போகும்போதும் நின்றாள், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்போதும் அதே இடத்தில் நின்றாள். என்னவென்று கேட்டேன். "கதவு சாத்தியிருக்கு அக்கா. தட்டலாமா, யாராவது வெளிய வர்ற வரைக்கும் நிக்கணுமான்னு தெரியல" என்றாள். படிவத்தைச் சரியாகத்தான் நிரப்பியிருந்தாள். கடைசித் தேதியும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது அந்தக் கதவைப் பற்றி மட்டும்தான்.

விதிமுறைகள் எல்லாம் இணையதளத்தில் இருக்கும். கதவைப் பற்றி அங்கே ஒரு வரி இருக்காது. புதிதாக வருபவருக்கு ஒரு சீனியர் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான். முதலாண்டு மாணவர்களுக்குத் துணையாகச் சீனியர்களைப் போடும் திட்டம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் நான் இந்த வேலையைச் செய்தேன். பிறகு புதிய வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் கொடுத்தேன். அதில் கற்றதை, தப்பாகச் செய்து கற்றதையும் சேர்த்து, வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஒப்புக்கொள்வதற்கு முன்

"நல்ல காரியம்தானே" என்று உடனே பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். திட்டத்தை நடத்துபவரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேரை என்னிடம் ஒப்படைப்பீர்கள்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கிறீர்கள்? என்னால் சமாளிக்க முடியாத ஒன்று வந்தால் யாரிடம் போவது, அவர் மாலை ஆறு மணிக்கு மேல் போனை எடுப்பாரா? ஜூனியர் என்னிடம் சொல்வதில் எதை நான் உங்களுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்?

கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத திட்டத்தில் சேர வேண்டாம் என்பேன். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஒருவருக்கு நான்கைந்து ஜூனியர்கள் போதும். எனக்கு ஒரு வருடம் பதினோரு பேரைக் கொடுத்தார்கள். அதில் மூன்று பேரின் முகம்கூட இப்போது நினைவில் இல்லை.

இன்னொன்றையும் மனதில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் ஆசிரியரும் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை, பெற்றோருக்கோ துறைக்கோ வேவு பார்ப்பவரும் இல்லை. அதே வழியில் ஓரிரு வருடம் முன்னால் நடந்து போனவர், அவ்வளவுதான். அதிலேயே செய்வதற்கு நிறைய இருக்கிறது.

2. அவர்கள் வருவதற்கு முன்: உங்களுக்குத் தெரிந்ததைத் தோண்டி எடுங்கள்

1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே மேசையில் தாளம் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எண்ணினார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவருக்கு உள்ளே முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்பவருக்கு வெறும் டொக் டொக்.

"அசைன்மென்டை போர்ட்டல்ல போட்டுட்டு, ஒப்புதலை எடுத்து இண்டெர்னல் ஃபைல்ல வை" என்று நாம் சொல்வது முதலாண்டு மாணவருக்கு அந்த டொக் டொக்தான். எந்த போர்ட்டல், எந்த ஒப்புதல், ஃபைல் எங்கே வாங்குவது?

இதற்கு நான் கண்ட ஒரே வழி, ஒரு நாள் மாலை வளாகத்தைப் புதிதாக வந்தவர்போல நடந்து பார்ப்பது. பிரதான வாசலில் தொடங்குங்கள். பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி, உங்கள் துறை, கட்டணப் பிரிவு, தேர்வுப் பிரிவு, உதவித்தொகை அலுவலகம், மருத்துவ அறை, ஆலோசனை மையம், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிப் பிரிவு ஆகியவற்றைத் தேடுங்கள். எங்கெல்லாம் பலகை ஏமாற்றுகிறதோ அதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். நான் இதைக் 'கதவுப் பட்டியல்' என்று கூப்பிடுவேன். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்:

கட்டணப் பிரிவு: முதல் மாடி, இடது கோடி. காலையில் திறந்தவுடன் போனால் கூட்டம் குறைவு. அடையாள அட்டையின் நகல் கேட்பார்கள். அந்தக் கட்டடத்தில் நகல் எடுக்க வழி இல்லை, எடுத்துக்கொண்டே போக வேண்டும்.

நேரமும் தொலைபேசி எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடப் பட்டியலை அப்படியே அனுப்பாதீர்கள். ஒவ்வொரு எண்ணையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். குறிப்பாக ஆலோசனை மையத்தின் எண்ணை. தேவைப்படும் நேரத்தில் அது செத்த எண்ணாக இருந்தால், அந்தப் பிள்ளை இரண்டாவது தடவை முயற்சி செய்யாது.

பட்டியலின் பின்பக்கத்தில் தேதிகள். பாடத்தை மாற்றவோ கைவிடவோ கடைசி நாள், முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு, கட்டணத் தவணை, தேர்வுக்குப் பதிவு செய்யும் நாள். இந்த நான்கும் போதும்.

3. முதல் செய்தி

என் முதல் வருடத்தில், ஜூனியர்களுக்கு ஒரு நீளமான செய்தி அனுப்பினேன். நாற்பது வரிகளுக்கு மேல் இருக்கும். வரவேற்பு, அறிவுரை, எச்சரிக்கை, இணைப்புகள், நடுவில் ஒரு பொன்மொழி வேறு. ஆறு பேரில் ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மற்றவர்களிடமிருந்து சத்தமே இல்லை.

அடுத்த வருடம் இப்படி அனுப்பினேன்:

"வணக்கம். நான் உங்கள் துறையில்தான் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த வருடம் உங்களுக்குத் துணையாக என்னைப் போட்டிருக்கிறார்கள். புதன் மாலை 4 மணிக்கு நூலக வாசலில் நிற்பேன், நீலப் பை வைத்திருப்பேன். அரை மணி நேரம் வளாகத்தைச் சுற்றி வரலாம். அந்த நேரம் ஒத்து வராவிட்டால் எது வசதி என்று சொல்லுங்கள்."

நாள், நேரம், இடம், அடையாளம், எவ்வளவு நேரம் ஆகும் என்பது வரைக்கும் இதில் இருக்கிறது. "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று எழுதினால் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

4. முதல் சந்திப்பு

உட்கார வேண்டாம், நடங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் நேர்முகத் தேர்வு மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் நடந்துகொண்டே பேசும்போது, இடையில் மௌனம் வந்தாலும் சங்கடமாக இருக்காது. பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்றும் கேளுங்கள். கதவுப் பட்டியலில் அவர்களுக்கு இந்த வாரமே தேவைப்படும் இரண்டு இடங்களுக்கு நேரில் கூட்டிப் போங்கள். எல்லா இடத்தையும் ஒரே நாளில் காட்டினால் ஒன்றும் நிற்காது.

"ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எந்த வகுப்பு தலைக்கு மேல போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ ஒன்று எல்லோருக்கும் தலைக்கு மேல் போகும் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருப்பதால், பதில் சொல்வது எளிது.

உங்கள் கதையையும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். தவறிப்போய் இங்கே இடம் கிடைத்துவிட்டது, ஒரு நாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம் புதியவர்கள் பலருக்கு உண்டு. நன்றாகப் படிக்கிறவர்களையும் பிடிக்கும் இந்த எண்ணத்தைப் பற்றி பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் 1978-லேயே எழுதினார்கள். 2011-ல் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைவிட நமக்கு நெருக்கமானது. 'இங்கே எனக்கு இடமில்லையோ என்ற கவலை முதலாண்டில் எல்லோருக்கும் வரும், நாளாக நாளாகக் குறையும்' என்று சீனியர்கள் சொன்னதாக அமைந்த குறிப்புகளை அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் புதிய மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதவும் சொன்னார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது.

அதனால் உங்கள் கதையில் இரண்டு பகுதியும் இருக்க வேண்டும்: கஷ்டப்பட்டது, அது எப்படிக் குறைந்தது என்பது. முதல் பகுதியை மட்டும் சொன்னால் பயமுறுத்தல். இரண்டாவதை மட்டும் சொன்னால் பீற்றல். என் கதை மூன்று வாக்கியம்: "முதல் ஆய்வக வகுப்புல கருவியை எப்படிப் போடறதுன்னு தெரியாம, பக்கத்துல இருந்தவனைப் பார்த்து கையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். நாலாவது வாரம் ஆய்வக உதவியாளர்கிட்ட போய் தெரியலன்னு சொன்னேன். பத்து நிமிஷத்துல காட்டிக் கொடுத்துட்டார்." அத்தோடு நிறுத்திவிடுவேன். அப்புறம் அவர்கள் முறை.

5. முதல் ஆறு வாரங்கள்

ஒரு வருட வேலையில் பெரும்பகுதி இந்த ஆறு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பது என் கணக்கு. அதற்குப் பிறகு அவர்களுக்கென்று நண்பர் கூட்டம் அமைந்துவிடும். நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேவைப்படாமல் போவீர்கள். அது நல்ல அறிகுறி.

முதல் வாரம் இடங்கள். இரண்டாவது, மூன்றாவது வாரம் அன்றாட ஒழுங்கு. வாரத்துக்கு 168 மணி நேரம் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு, தூக்கம், வகுப்பு, பயணம், வேலைக்குப் போகிறவர் என்றால் அந்த நேரம் எல்லாவற்றையும் நிரப்பச் சொல்லுங்கள். மீதியைப் பார்த்து அவர்களே அதிர்ச்சி அடைவார்கள், சிலர் நிறைய இருக்கிறதே என்று, சிலர் ஒன்றுமே இல்லையே என்று. நான்காவது வாரத்தை ஒட்டி முதல் தேர்வோ முதல் அசைன்மென்ட் மதிப்பெண்ணோ வரும். அந்த நாளைக் குறித்து வைத்து, மறுநாள் நீங்களாகவே ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளியில் முதலிடம் வாங்கிப் பழகியவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறைந்த மதிப்பெண் வரும் நாள் அது.

மாணவர்கள் ஏன் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதைப் பற்றி வின்சென்ட் டின்டோ 1975-ல் முன்வைத்த விளக்கம் இன்றும் பேசப்படுகிறது. படிப்போடும் அங்குள்ள மனிதர்களோடும் ஒட்டுதல் ஏற்படாமல் போவதுதான் அதன் மையம். மதிப்பெண் அந்த ஒட்டுதலில் ஒரு பகுதி மட்டும். ஆகவே ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நீ ஒரு நாள் வரலன்னா, ஏன் வரலன்னு கேட்கறதுக்கு வகுப்புல யாராவது இருக்காங்களா?" இல்லை என்று சொன்னால் உடனே அறிவுரை வேண்டாம். அதே பாடத்தில் உங்களுக்குத் தெரிந்த இன்னொரு ஜூனியரையும் அடுத்த சந்திப்புக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.

சத்தமில்லாதவர்களைக் கவனியுங்கள். எனக்கு ஒரு ஜூனியர் இருந்தான். வாரம் தவறாமல் "எல்லாம் நல்லா போகுது அக்கா" என்று பதில் அனுப்புவான். ஆறாவது வாரம் நேரில் பார்த்தபோது, "ஆய்வகக் குறிப்பேட்டைக் கொஞ்சம் காட்டு" என்றேன். முதல் மூன்று பக்கம் அழகான கையெழுத்து. அப்புறம் வெற்றுத் தாள். கண்ணாடி வாங்கப் பணம் இல்லாமல், பலகை தெரியாமல், வெட்கப்பட்டு வகுப்புக்கே போகாமல் இருந்திருக்கிறான். உதவித்தொகை அலுவலகத்தில் அவசர உதவிக்கு ஒரு படிவம் இருந்தது. பத்து நாளில் முடிந்தது. ஆறு வாரம் நான் கேட்ட கேள்விதான் தப்பு. அதற்குப் பிறகு "எப்படிப் போகுது?" என்பதை விட்டுவிட்டு, எதையாவது காட்டச் சொல்லிக் கேட்கப் பழகினேன்.

6. பேசும் விதம்

ஒருவர் பிரச்சினையைச் சொன்னவுடன் அதைச் சரிசெய்துவிடத் துடிக்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. மனம் மாற உதவும் உரையாடல் முறை ஒன்றை வகுத்த வில்லியம் மில்லர், ஸ்டீஃபன் ரோல்னிக் இருவரும், உதவ வருபவர் முதலில் அடக்க வேண்டியது இந்தத் துடிப்பைத்தான் என்கிறார்கள். நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

"இந்தத் துறையே எனக்கு வேண்டாம்னு தோணுது அக்கா."

"அப்படியெல்லாம் சொல்லாத. நல்ல வேலை கிடைக்கும். முதல் செமஸ்டர் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்."

"சரிக்கா."

அந்த 'சரிக்கா'வோடு கதவு மூடியாகிவிட்டது. இனி உங்களிடம் அவள் இதைப் பேசமாட்டாள். அதையே இப்படிப் பேசலாம்:

"இந்தத் துறையே எனக்கு வேண்டாம்னு தோணுது அக்கா."

"ம்... எப்பலேர்ந்து தோணுது?"

"போன வாரம் மார்க் வந்ததுலேர்ந்து."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி பிடிச்சுதான் இருந்தது. கணக்குப் பாடம் மட்டும்தான்..."

துறை பிரச்சினையே இல்லை, ஒரு பாடம்தான் பிரச்சினை என்பதை அவளே சொல்லிவிட்டாள். சில சமயம் உண்மையிலேயே துறைதான் பிரச்சினையாக இருக்கும். அப்போது பாடம் மாற்றுவதற்கான கடைசித் தேதியும், யாரைப் பார்ப்பது என்பதும் உங்கள் பட்டியலில் இருக்கும். இரண்டில் எது என்று தெரிவதற்கு முன்பே வாயைத் திறந்தால் காரியம் கெடும். யோசனை சொல்ல வேண்டிய இடம் வந்தால், "எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

7. படிப்பு உதவி: எதுவரை?

அசைன்மென்டைச் செய்து கொடுக்காதீர்கள். பழைய அசைன்மென்டையும் அனுப்பாதீர்கள். அது எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளில் மாட்டினால் இரண்டு பேரும் விசாரணையில் நிற்பீர்கள்.

1973-ல் அமெரிக்காவின் மிசூரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டீயானா மார்ட்டின் தொடங்கிய, சீனியர் நடத்தும் குழுப் படிப்பு முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். உதவி 'பலவீனமான மாணவர்' என்று யாரையும் குறிவைப்பதில்லை. 'கடினமான பாடம்' எதுவோ அதற்குத்தான் குழு, யார் வேண்டுமானாலும் வரலாம். அதனால் வருவதில் அவமானம் இல்லை. இரண்டாவது, குழுவை நடத்தும் சீனியர் பாடம் நடத்துவதில்லை. கேள்வி வந்தால் "இதுக்கு உன் குறிப்புல என்ன இருக்கு?" என்று அதைக் குழுவிடமே திருப்பிவிடுவார். நீங்களும் அப்படியே செய்யலாம்.

"படிச்சேன், எல்லாம் மறந்துபோச்சு" என்பதை அடிக்கடி கேட்பீர்கள். எப்படிப் படித்தாய் என்று கேட்டால், திரும்பத் திரும்ப வாசித்ததாகச் சொல்வார்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில், திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். இதை விளக்கிக்கொண்டிருக்காமல், அங்கேயே புத்தகத்தை மூடச் சொல்லி ஐந்து நிமிடம் எழுத வையுங்கள்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதக் கற்றுக்கொடுப்பதும் உங்கள் வேலைதான். "சார், இரண்டாவது பாடம் புரியவில்லை" என்று எழுதினால் அவரால் என்ன செய்ய முடியும்? எந்த வகுப்பு, பதிவு எண் என்ன, எந்தக் கணக்கில் எந்தப் படிவரை வந்தேன், எங்கே நின்றுவிட்டேன், எப்போது வந்து பார்க்கலாம். இந்த ஐந்தும் இருந்தால் பதில் வர வாய்ப்பு அதிகம். முதல் மின்னஞ்சலைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வையுங்கள். அனுப்பு பொத்தானை அவர்களே அழுத்தட்டும்.

8. கனமான விஷயம் வரும்போது

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" என்று தொடங்கும் பேச்சு ஒருநாள் வரும். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். நான் சொல்லிப் பழகியது இது: "உன் விஷயத்தை நான் ஊருக்குச் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா, உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

தூக்கம் போய்விட்டது, சாப்பிடுவதில்லை, எல்லோரிடமிருந்தும் விலகுகிறார், தன் பொருட்களை எடுத்துக் கொடுக்கிறார், "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்கிறார் என்றால், நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், கேட்பதால் அப்படி ஆவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆமாம் என்று சொன்னால் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆலோசனை மையத்துக்குக் கூடவே நடந்து போங்கள். அது மூடிய நேரம் என்றால், திட்டப் பொறுப்பாளருக்கோ அவசர உதவிக்கோ அங்கேயே இருந்து போன் செய்யுங்கள்.

யாராவது தொல்லை கொடுக்கிறார்கள் என்று சொன்னால் நம்புங்கள், ஆனால் நீங்களே விசாரிக்கக் கிளம்பாதீர்கள். எதிராளியிடம் போய்க் கேட்பது மிகப் பெரிய தப்பு. புகார் எங்கே கொடுப்பது, கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு.

அன்று இரவு உங்களுக்கும் தூக்கம் வராது. பெயரைச் சொல்லாமல் பொறுப்பாளரிடமோ ஆலோசகரிடமோ உங்கள் பாரத்தைப் பேசி இறக்கிவையுங்கள்.

9. எல்லைகள்

பணம் கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். உங்கள் பொறுப்பில் இருப்பவரோடு காதல் வேண்டாம். வந்துவிட்டால் முதலில் அவரை வேறு சீனியரிடம் மாற்றிவிடச் சொல்லுங்கள். இரவு எத்தனை மணி வரை பதில் சொல்வீர்கள் என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். பேராசிரியர்களைப் பற்றிய உங்கள் பழைய கோபங்களை அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள். "அவர் மார்க்கே போடமாட்டார்" என்று நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையால் அந்த வகுப்பில் வாயே திறக்காத ஜூனியர்கள் உண்டு.

பதிலே வராதவர்களும் இருப்பார்கள். மூன்று தடவை முயற்சி செய்யுங்கள், இரண்டு வார இடைவெளியில், ஒவ்வொரு தடவையும் ஏதாவது உபயோகமான தகவலோடு. அப்புறம் "தேவைப்படும்போது இதே எண்தான்" என்று எழுதிவிட்டு விட்டுவிடுங்கள். சிலருக்கு வீட்டிலேயே அண்ணனோ அக்காவோ அதே படிப்பு படித்திருப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் ஆளை மாற்றிக்கொள்வதும் தோல்வி இல்லை.

10. ஒப்படைப்பு

வருடக் கடைசியில் ஜூனியர்களைக் கூப்பிட்டு, கதவுப் பட்டியலைக் கையில் கொடுத்து, "உங்களுக்கு அடுத்து வர்றவங்களுக்கு இதுல என்ன குறையுது?" என்று கேளுங்கள். நமக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாதது அவர்களுக்கு இன்னும் தெரியும்.

தேர்வுப் பிரிவின் வாசலில் நின்றிருந்த அந்தப் பெண்ணும் அன்று வந்திருந்தாள். தாளை வாங்கி ஒருமுறை முழுக்கப் படித்தாள். பேனாவைக் கேட்டு வாங்கி, தேர்வுப் பிரிவு என்ற வரிக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதினாள்: "கதவு சாத்தித்தான் இருக்கும். தட்ட வேண்டாம், தள்ளிக்கொண்டு போகலாம். அடிப்பக்கம் கொஞ்சம் பிடிக்கும், அழுத்தித் தள்ளவும்."